ஐ சிங் 17-வது குறி "சுய்": குறிவாக்கு "உறுதி நன்று" என்கிறது, நான்காம் கோடு "உறுதி தீது" என்கிறது. எதை எடுத்துக்கொள்வது?

ஆறுகோடு (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஐ சிங் என்னும் பழைய சீனக் குறிநூலில் பார்த்தேன்; அதில் ஒவ்வொரு குறியும் முழுக்கோடு, முறிகோடு (நடுவில் பிளந்தது) என ஆறு கோடுகளால் ஆனது. மூன்று நாணய முறையில், கீழிருந்து மேலாக விழுந்த எண்கள்: 7, 8, 8, 9, 7, 8. அதாவது 17-வது குறி, சுய், "பின்செல்லுதல்". நான்காம் கோடு மட்டும் மாறுகிறது. மாற்றிப் போட்டால் 3-வது குறி வருகிறது. நான் எழுதி வைத்த கேள்வி: "தலைமை மாறிய ஓர் இடத்தில், புதிய போக்குக்கு எந்த அளவு வளைந்து கொடுப்பது?"

மூன்று இடத்தில் முட்டுகிறது.

ஒன்று, குறிவாக்கு (முழுக் குறிக்கும் உரிய வாக்கு) "தொடக்கம், தழைப்பு, பயன், உறுதி; குற்றமில்லை" என்கிறது. நான்காம் கோடு "பின்செல்வதில் ஆதாயம் உண்டு, அதிலேயே உறுதியாக நின்றால் தீது. வாய்மையோடு நெறியில் நின்று, தெளிவும் இருந்தால் குற்றம் ஏது?" என்கிறது. ஒரே குறிக்குள் உறுதி நல்லதாகவும் கெட்டதாகவும் எப்படி?

இரண்டு, இந்தக் குறிக்கு "சூழலுக்குத் தக்கபடி மாறிக்கொள்" என்று பொதுவாகப் பொருள் சொல்கிறார்கள். எல்லாவற்றுக்கும் தலையாட்டு என்பதுதான் அதன் பொருளா?

மூன்று, 3-வது குறியின் பெயரே "தொடக்கத் தடங்கல்". கடைசியில் தடங்கல்தான் வரும் என்று கொள்வதா?

---

மூங்கில்குச்சி

எண்களைச் சரிபார்த்தேன், குறி சரிதான். மூன்று மூன்று கோடுகளாகப் பிரித்தால், கீழே இடி (முழுக்கோடு, முறிகோடு, முறிகோடு), மேலே ஏரி (முழுக்கோடு, முழுக்கோடு, முறிகோடு). இரண்டாம் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது விளங்கினால் முதல் கேள்வி பாதி தீர்ந்துவிடும்.

ஐ சிங்கில் இடி மூத்த மகன், ஏரி இளைய மகள். வலியவன் மெலியவளுக்குக் கீழே வந்து நிற்பதுதான் சுய். இதன் உரைப்பகுதி "வன்மை வந்து மென்மைக்குக் கீழே அமர்கிறது, உள்ளே அசைவு, வெளியே மகிழ்ச்சி" என்கிறது. ஆக, பின்செல்லுதல் இங்கே இரண்டு பக்கமும் உண்டு. தன்னைப் பிறர் பின்பற்ற வேண்டும் என்பவர்தான் முதலில் இறங்கி வருகிறார். ஆற்றல் இல்லாதவர் வேறு வழியின்றிப் பணிந்து போவது இந்தக் குறியில் எங்கும் சொல்லப்படவில்லை. அசைகிற சக்தி உள்ளே இருக்கிறது, அது கீழே வரச் சம்மதிக்கிறது. சக்தியே இல்லாத இடத்தில் இந்தக் குறியின் அறிவுரையைப் பொருத்தினால் அது வெறும் தலையாட்டலாகத்தான் முடியும்.

அதே உரைப்பகுதி "உலகம் காலத்தைப் பின்பற்றுகிறது" என்றும் சொல்லி, "காலத்தைப் பின்பற்றுவதன் பொருள் எவ்வளவு பெரியது!" என்று வியக்கிறது. பின்பற்றப்படுவது காலம். மேலே இருப்பவரின் முகக்குறிப்பு அல்ல. உங்கள் விஷயத்தில் புதிய தலைமையின் எந்த முடிவு உண்மையில் மாறிவிட்ட நிலைமையிலிருந்து வருகிறது, எந்த முடிவு அவருடைய தனிப்பட்ட பழக்கத்திலிருந்து வருகிறது என்று தாளில் இரண்டு வரிசையாக எழுதுங்கள். முதல் வரிசைக்கு முழுவதும் இசைந்து போகலாம். இரண்டாவது வரிசையில் மரியாதை போதும்.

இனி நான்காம் கோடு. ஐந்தாம் இடம் அரசனுடையது, நான்காம் இடம் அவனை ஒட்டிய அமைச்சனுடையது. நான்கு இரட்டைப்படை இடம், அங்கே முறிகோடு இருப்பதுதான் பொருத்தம். இங்கே முழுக்கோடு உட்கார்ந்திருக்கிறது. வலிமையான அமைச்சன், கீழே மூன்றாம் கோட்டில் அவனையே பற்றிக்கொண்டு நிற்கும் ஆள், மேலே அரசன். மக்கள் அமைச்சன் பின்னால் போகிறார்கள், அதுதான் "ஆதாயம்". அந்த ஆதாயத்தைத் தனக்கென்று இறுக்கிப் பிடித்தால் மேலே சந்தேகம் முளைக்கும். "உறுதியாக நின்றால் தீது" என்பது அந்தப் பிடியைப் பற்றியது. குறிவாக்கின் உறுதியோ முழுக் குறிக்கும் உரியது, நெறியில் நிலைப்பதைப் பற்றியது. இரண்டும் மோதவில்லை.

இந்த நான்காம் கோடே மூன்று மருந்துகளைச் சொல்கிறது: வாய்மை, நெறி, தெளிவு. நடைமுறையில் இது மிகவும் எளிது. உங்களை நம்பி வருகிறவர்கள் இருந்தால் அவர்கள் வருவது மேலே இருப்பவருக்குத் தெரிந்தே நடக்கட்டும். கூட்டத்தில் பேசியதையும் தனியே பேசியதையும் ஒரே மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். கிடைத்த பெயரைக் குழுவின் பெயரில் பதிவு செய்யுங்கள். வளைவது இங்கே பெரிய சிக்கலே அல்ல. வளைந்ததால் கிடைத்த செல்வாக்கை என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் இந்தக் கோடு உங்களைப் பார்க்கிறது.

---

நாணயம்_மூன்று

மூங்கில்குச்சி சொன்ன பொருளில் எனக்கு மாறுபாடு இல்லை. மூன்றாம் கேள்விக்கு மட்டும் பதில், கூடவே முறை பற்றிச் சில.

ஒரு கோடு மட்டும் மாறினால் அந்தக் கோட்டின் வாக்கைத்தான் படிக்க வேண்டும். 12-ஆம் நூற்றாண்டில் சூ ஷி என்ற சீன அறிஞர் வகுத்த விதி இது. எதுவும் மாறாவிட்டால் குறிவாக்கு. ஒன்று மாறினால் அந்தக் கோடு. இரண்டு மாறினால் இரண்டும், அதில் மேலே இருப்பது முதன்மை. மூன்று மாறினால் இரு குறிகளின் குறிவாக்கும். நான்கு மாறினால் புதிய குறியில் மாறாத இரண்டு கோடுகள், அதில் கீழே இருப்பது முதன்மை. ஐந்து மாறினால் புதிய குறியில் மாறாத அந்த ஒரே கோடு. ஆறும் மாறினால் புதிய குறியின் குறிவாக்கு. முதலிரண்டு குறிகளுக்கு மட்டும் அதற்கென்று தனி வாக்கு உண்டு. ஆகவே உங்கள் விஷயத்தில் 3-வது குறியை "முடிவு" என்று தனியே படிக்க வேண்டியதில்லை. அது நான்காம் கோடு எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தாலும் 3-வது குறி பயமுறுத்துவதல்ல. அதற்கும் அதே "தொடக்கம், தழைப்பு, பயன், உறுதி" உண்டு. கூடுதலாக "எங்கும் கிளம்ப வேண்டாம்; துணைவரை அமர்த்துவது நன்று" என்கிறது. தலைமை மாறிய இடத்துக்கு இது கனகச்சிதம்.

இனி, புதியவர்கள் தவறுகிற இடங்கள்.

நாணயத்தில் ஒரு பக்கத்துக்கு 3, மறுபக்கத்துக்கு 2. எந்தப் பக்கம் எது என்பதில் மரபுகள் வேறுபடும். போடுவதற்கு முன்னால் முடிவு செய்துவிட்டு நடுவில் மாற்றாதீர்கள். மூன்று நாணயங்களின் கூட்டுத்தொகை 6 என்றால் மாறும் முறிகோடு, 7 மாறாத முழுக்கோடு, 8 மாறாத முறிகோடு, 9 மாறும் முழுக்கோடு. 7, 8 வரும்போது எண்ணிக்கையில் குறைவான நாணயம்தான் கோட்டைத் தீர்மானிக்கும்: இரண்டு 2-ம் ஒரு 3-ம் விழுந்தால் 7, அது முழுக்கோடு. "அதிகம் விழுந்த பக்கம்" என்று எண்ணிக் கோட்டைத் தலைகீழாகப் போடுகிறவர்கள் நிறைய.

அதைவிடப் பெரிய தவறு மேலிருந்து கீழாக வரைவது. எப்போதும் கீழிருந்து மேலே. சுய்யில் இந்தத் தவறு கொடியது, ஏனென்றால் சுய்யைக் கவிழ்த்தால் 18-வது குறி, கூ, "கெட்டுப்போனதைச் சீர்செய்தல்". சுய்யின் ஒவ்வொரு கோட்டையும் எதிராக மாற்றினாலும் அதே 18தான். கவிழ்த்தாலும் எதிராக்கினாலும் ஒரே இணையில் போய் நிற்கும் குறிகள் 64-இல் நான்கு ஜோடிதான்: 11-12, 17-18, 53-54, 63-64. "இசைந்து போ" என்று விழுந்ததை "பழுதைச் சரிசெய்" என்று படித்துவிட்டு, புதிய தலைமையைத் திருத்தக் கிளம்பினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நாணய முறையில் 6, 9 இரண்டுக்கும் எட்டில் ஒரு பங்கு வாய்ப்பு. நாணயத்துக்குப் பதில் குச்சிகளைப் பிரித்து எண்ணும் பழைய குச்சி முறையில் 6-க்குப் பதினாறில் ஒன்று, 9-க்குப் பதினாறில் மூன்று, 7-க்கு ஐந்து, 8-க்கு ஏழு. குச்சி முறையில் ஒரு குறிக்குப் பதினெட்டு முறை பிரித்து எண்ண வேண்டும், அவசரக்காரர்களுக்குச் சரிவராது. அதே விகிதம் வேண்டுமென்றால் பையில் 16 மணிகள் போதும்: ஒன்று ஒரு நிறம் (6), மூன்று ஒரு நிறம் (9), ஐந்து ஒரு நிறம் (7), ஏழு ஒரு நிறம் (8). ஒன்றை எடுத்து, எண்ணைக் குறித்து, திரும்பப் பைக்குள் போட்டுக் குலுக்கி, அடுத்தது. திரும்பப் போடாமல் விட்டால் விகிதமே கெட்டுவிடும்.

---

லூநாட்டு_வாசகர்

சுய் என்றதும் மு ஜியாங்கைப் பேசாமல் இருக்க முடியாது. "எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதா" என்ற கேள்விக்கு 2500 ஆண்டுகளுக்கு முன்னால் ஒரு பெண் சொன்ன பதில் இது. இதைவிடக் கூர்மையான பதிலை நான் பார்த்ததில்லை.

மு ஜியாங் பழைய சீனாவின் லூ நாட்டுக் கோமகன் ஒருவரின் மனைவி, அடுத்த கோமகனின் தாய். அரசியல் சூழ்ச்சியில் ஈடுபட்டுத் தோற்று, கிழக்கு அரண்மனைக்கு ஒதுக்கப்பட்டார். அங்கே போகும்போது குறி பார்த்தார்கள். விழுந்தது 52-வது குறி, மலை. அது சுய்யாக மாறியது. இரண்டாம் கோடு தவிர மற்ற ஐந்தும் மாறின. குறி சொன்ன அலுவலர், "சுய் என்றால் வெளியேறுவது. அம்மையார் விரைவில் வெளியே வந்துவிடுவீர்கள்" என்றார்.

மு ஜியாங் மறுத்தார். சுய்யின் குறிவாக்கில் உள்ள நான்கையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பேசினார். தொடக்கம் என்பது தலை, கருணை உள்ளவருக்கு உரியது. தழைப்பு என்பது நல்லவை ஒன்றுகூடுவது. பயன் என்பது அறத்தோடு இசைவது. உறுதி என்பது செயல்களைத் தாங்கும் அடிமரம். இந்த நான்கும் உள்ளவர் பின்சென்றால்தான் குற்றமில்லை. நானோ கலகத்தில் சேர்ந்தேன், நாட்டின் அமைதியைக் கெடுத்தேன், என் செயலால் எனக்கே கேடு தேடிக்கொண்டேன், என் நிலைக்குரிய ஒழுக்கத்தை விட்டேன். நான்கில் ஒன்றும் என்னிடம் இல்லை. எனக்கு எப்படி இது சுய் ஆகும்? நான் இங்கேயேதான் இறப்பேன் என்றார். அப்படியே கிழக்கு அரண்மனையில், கி.மு. 564-இல் இறந்தார். ட்ஸோ சுவான் என்னும் பழைய வரலாற்று நூல் இதைப் பதிந்திருக்கிறது.

சுய்யின் குறிவாக்கை மறுபடி பாருங்கள். நான்கு நற்சொல்லும் அப்படியே வரும் குறிகள் ஆறு: 1, 3, 17, 19, 25, 49. (2-வதில் சற்று மாறி வரும்.) அவற்றுள் குறிவாக்கிலேயே "குற்றமில்லை" என்று சேர்த்துச் சொல்வது சுய் மட்டும். பின்செல்வது எளிதில் குற்றமாகக்கூடிய செயல், அதனால்தான் நான்கையும் நிபந்தனையாக வைத்துவிட்டுப் பிறகு "குற்றமில்லை" என்று விடுவிக்கிறது. மு ஜியாங் படித்தது அப்படித்தான். இசைந்து போவது நல்லதா என்பதல்ல கேள்வி. இசைந்து போகிறவர் யார் என்பதுதான்.

நாணயம்_மூன்று கொடுத்த விதிப்படி பார்த்தால் இன்னொன்றும் தெரியும். ஐந்து கோடு மாறியதால் சுய்யின் மாறாத இரண்டாம் கோட்டைத்தான் படித்திருக்க வேண்டும்: "சிறுவனைப் பற்றிக்கொண்டாள், பெரியவனை இழந்தாள்." அலுவலர் அதை விட்டுவிட்டுக் குறிவாக்கை எடுத்துக்காட்டியது தவறு என்று சூ ஷியே குறை சொல்லியிருக்கிறார். அதிகாரத்தில் இருந்தவருக்கு இனிப்பாகப் பேசியதுதான் அந்தப் பிழை என்பது என் எண்ணம். இன்று குறி சொல்கிற பலரிடமும் இதே பிழை உண்டு.

---

ஆறுகோடு

எல்லோருக்கும் நன்றி. லூநாட்டு_வாசகர் ஐயா, அந்த இரண்டாம் கோடு பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல முடியுமா? மூன்றாம் கோடு அதற்கு நேர் எதிராக "பெரியவனைப் பற்றினாள், சிறுவனை இழந்தாள்" என்கிறது. யார் சிறுவன், யார் பெரியவன்? எனக்கு விழாத கோடுகள்தான், ஆனாலும் யார் பின்னால் போவது என்ற கேள்விக்கு இவைதான் நேரான பதில் போலத் தோன்றுகிறது.

---

மூங்கில்குச்சி

நானே சொல்லிவிடுகிறேன், ஐயா பொறுத்துக்கொள்வார்.

முறிகோடு தனியே நிற்காது, ஒரு முழுக்கோட்டைப் பற்றும். பற்றுவதற்கு இரண்டு வழி: அருகில் இருப்பது, அல்லது எதிரொலிக்கும் இடம். கீழ்ப்பாதியின் 1, 2, 3 முறையே மேல்பாதியின் 4, 5, 6-க்கு எதிரொலி. இரண்டாம் கோட்டுக்கு உரிய துணை ஐந்தாம் கோடு, அரசன். ஆனால் பக்கத்திலேயே முதல் கோடு நிற்கிறது. தொலைவில் உள்ள தகுதியானவனை விட்டுப் பக்கத்தில் இருப்பவனைப் பற்றுகிறது. அதனால் சிறுவன் கிடைக்கிறான், பெரியவன் போகிறான். மூன்றாம் கோட்டுக்கு எதிரொலி ஆறாம் கோடு, அதுவும் முறிகோடு, உதவாது. அதனால் தனக்கு நேர் மேலே இருக்கும் நான்காம் கோட்டைப் பற்றுகிறது. பெரியவன் கிடைக்கிறான், கீழே விட்டுவந்த முதல் கோடு போகிறது. "பின்சென்று தேடியது கிடைக்கும், நிலைத்திருப்பது நன்று" என்று அந்தக் கோடு முடிகிறது. கிடைக்கும் என்று சொன்ன கையோடு நிலைத்திரு என்று சொல்வதைக் கவனியுங்கள். மேலே இருப்பவரைப் பற்றினால் கேட்டது கிடைக்கும், கேட்டுக்கொண்டே இருக்கும் பழக்கமும் வந்துவிடும்.

இரண்டு கோட்டிலும் இழப்பு உண்டு. பலர் "மாறிக்கொள்" என்பதை எதையும் இழக்காமல் எல்லாரோடும் ஒத்துப்போவதாக எடுத்துக்கொள்கிறார்கள், சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. பழைய குழுவோடும் அதே நெருக்கம், புதிய தலைமையோடும் அதே நெருக்கம் என்று இரண்டு பக்கமும் வாக்குக் கொடுத்தால் சில வாரங்களில் இரண்டு பக்கமும் நம்பிக்கை போய்விடும். எதை விடப் போகிறோம் என்பதை முதலிலேயே பெயர் சொல்லி எழுதிக்கொள்வது நல்லது. ஒரு பழைய நடைமுறையாக இருக்கலாம், தினமும் சேர்ந்து டீ குடிக்கும் கூட்டமாக இருக்கலாம். அருகில் இருப்பதாலேயே ஒருவரைப் பின்பற்றுகிறோமா என்ற கேள்வியையும் கூடவே கேட்டுக்கொள்ளுங்கள். அதுதான் இரண்டாம் கோட்டின் பொறி.

முதல் கோடு இதற்கு முந்தைய படி: "பொறுப்பு மாறுகிறது, உறுதி நன்று. வாசல் தாண்டிப் போய்ப் பழகினால் காரியம் கைகூடும்." தன் வட்டத்துக்கு வெளியே உள்ளவர்களிடம் பேசிப் பார்க்காமல் யாரைப் பின்பற்றுவது என்று முடிவு செய்ய முடியாது.

---

வாட்டர்லூ_தெரு

சிங்கப்பூரிலிருந்து ஒரு சின்னக் குறிப்பு, இந்த இழையில் யாரும் குழம்பவில்லை, ஆனால் படிக்க வருகிறவர்கள் குழம்புவார்கள். இங்கே வாட்டர்லூ தெருவில் ஸ்ரீ கிருஷ்ணன் கோயிலுக்குப் பக்கத்திலேயே குவான் இம் என்னும் சீனக் கருணைத் தெய்வத்தின் கோயில் இருக்கிறது. நம்மவர்களும் அங்கே போய் மூங்கில் குழலைக் குலுக்கிக் குச்சி எடுப்பதுண்டு. அது ஐ சிங் அல்ல. எண் போட்ட குச்சி ஒன்று வெளியே விழும், அந்த எண்ணுக்கு ஒரு செய்யுள் இருக்கும். பிறைவடிவக் கட்டைகள் இரண்டைப் போட்டு, ஒன்று குப்புறவும் ஒன்று மல்லாந்தும் விழுந்தால்தான் அந்தக் குச்சி உங்களுக்கு உரியது. அதில் கோடுகளும் இல்லை, மாறும் கோடும் இல்லை. அங்கே வந்த செய்யுளை இங்கே 64 குறிகளில் தேடாதீர்கள்.

---

லூநாட்டு_வாசகர்

மூங்கில்குச்சி தம்பி என்னைவிட நன்றாகவே சொல்லிவிட்டார். விட்டுப்போனது இரண்டு.

ஆறாம் கோடு: "கட்டி வைத்தான், பின் இன்னும் இறுக்கிப் பிணைத்தான். மன்னன் மேற்கு மலையில் வேள்வி செய்தான்." மேற்கு மலை பழைய சீனாவின் சௌ அரச மரபினரின் சொந்த நிலத்தில், சி மலையைச் சுட்டுவதாகக் கொள்வது வழக்கம். பின்செல்லுதல் அதன் உச்சத்தில் பிணைப்பாகிறது. உலகியலிலிருந்து விலகி நிற்பவரையும் திரும்ப அழைத்துக் கட்டிக்கொள்ளும் அளவு பற்று என்று ஒரு மரபு சொல்லும். தலைமை மாறிய இடத்தில் ஒதுங்கிப் போய்விட்ட மூத்தவர்கள் இருந்தால் அவர்களைத் தேடிப் போவது இந்தக் கோட்டின் வேலை.

மற்றொன்று, குறியின் படிமம்: "ஏரிக்குள் இடி. சான்றோன் இருட்டும் நேரத்தில் உள்ளே போய் ஓய்வெடுக்கிறான்." இடிக்கு உரிய திசை கிழக்கு, ஏரிக்கு உரிய திசை மேற்கு. இலையுதிர்காலத்தில் இடி அடங்கி நீருக்குள் போய்விடுகிறது. காலத்தைப் பின்பற்றுவது பற்றி இவ்வளவு பேசிய குறி, செயலாகச் சொல்வது இந்த ஒன்றைத்தான்: பொழுது சாய்ந்தால் நிறுத்து. புதிய சூழலுக்குத் தன்னைப் பொருத்திக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் உடைவது இங்கேதான். பகலில் புதிய முறையைக் கற்கிறார்கள், இரவில் பழைய முறையில் மிச்ச வேலையை முடிக்கிறார்கள். உடல் தளர்ந்தபின் எடுக்கும் முடிவு அருகில் இருப்பவரைப் பற்றும் முடிவாகத்தான் இருக்கும். மாற்றம் நடக்கும் மாதங்களில் இரவு வேலையை முதலில் வெட்டுங்கள். புதிய பொறுப்பு ஒன்றை ஏற்கும்போது பழையது ஒன்றைப் பெயர் சொல்லி ஒப்படையுங்கள்.

---

ஆறுகோடு

தெளிவாகிவிட்டது. கடைசியாக ஒன்று. இரண்டு வாரம் கழித்து இதே கேள்வியை மறுபடி போட்டுப் பார்க்கலாமா?

---

நாணயம்_மூன்று

நிலைமை மாறாமல் அதே கேள்வி என்றால் வேண்டாம். 4-வது குறியின் வாக்கிலேயே இருக்கிறது: முதல் முறை கேட்டால் சொல்வேன், இரண்டு மூன்று முறை கேட்பது அவமதிப்பு, அவமதித்தால் சொல்லமாட்டேன். பிடித்த விடை வரும்வரை போட்டுக்கொண்டிருந்தால் முடிவு செய்வது உங்கள் ஆசைதான். நிலைமை உண்மையிலேயே மாறிவிட்டால், எடுத்துக்காட்டாக உங்களுக்கு வேறு பொறுப்பு கொடுத்துவிட்டால், அப்போது புதிய கேள்வியை எழுதிப் போடுங்கள். கேள்வி "நல்லதா கெட்டதா" என்று இல்லாமல், நீங்கள் இப்போது எழுதியது போல "எந்த அளவு", "எப்படி" என்று இருக்கட்டும். நோட்டில் தேதி, கேள்வி, கீழிருந்து மேலாக ஆறு எண்கள், அன்றைக்கு நீங்கள் புரிந்துகொண்ட பொருள் இரண்டு வரி. குறியின் பெயரை மட்டும் எழுதி வைத்தால் எந்தக் கோடு மாறியது என்பது பிறகு தெரியாது. அதனால் எண்களை விடாதீர்கள்.